ஒரே நாளில் எடுத்த இரண்டு வண்டிகள்

“ஹலோ… ஹலோ, சகல… கேக்குதா? … ஆமா, ஆமா, நான்தான் அமல்தாஸ்… இல்ல இல்ல, ஓட்டிக்கிட்டு பேசல. ஓரங்கட்டிட்டுத்தான் பேசறேன்… ரெட்டிபாளையத்துக்கிட்ட. அது சிமெண்ட் லாரி போற சத்தம்… ம்… ம்… சாப்ட்டேன், சாப்ட்டேன். நீ சாப்ட்டியா? … என்ன கொழம்பு?”

ஆல்பர்ட் வீட்டில் என்ன குழம்பு என்பதில் அமல்தாசுக்குத் துளியும் அக்கறை கிடையாது. ஆனால் கேட்க வந்ததை எடுத்த எடுப்பில் கேட்டுவிட்டால் கௌரவம் என்ன ஆவது? நாலு வார்த்தை சுற்றிவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும்.

“கருவாட்டுக் கொழம்பா… ம்… ஷாலினி வச்சா நல்லாத்தான் இருக்கும்… ஆனி ரோசும் வைப்பா. ஏன், அவ வச்சா மட்டும் எறங்காதா?”

குழம்பில்கூட விட்டுக் கொடுக்க மாட்டான். மரிய செல்வம் வாத்தியாரின் மூத்த மகள் ஆனி ரோசைக் கட்டியவன் அமல்தாஸ். இளையவள் ஷாலினி மேரியைக் கட்டியவன் மரிய ஆல்பர்ட். இவனுக்கு வரதராஜன்பேட்டை, அவனுக்கு ஏலாக்குறிச்சி. எட்டு மாதத்துக்கு முன்னால் சகலைகள் இரண்டு பேரும் பெரம்பலூரில் ஒரே ஷோரூமில், ஒரே நாளில், ஒரே மாதிரி வெள்ளை பிக்கப் எடுத்தார்கள். இரண்டு டன் ஏற்றினாலும் முனகாமல் இழுக்கிற வண்டி. அதே எஞ்சின், அதே டயர், அதே டேங்க். ஆனால் ஆல்பர்ட்டின் வண்டி லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர் போகிறது. அமல்தாசின் வண்டி பத்தாவது கிலோமீட்டரிலேயே அடுத்த லிட்டருக்கு வாயைத் திறந்துவிடுகிறது.

மாமனார் ரிடையர்டு வாத்தியார். எதைப் பார்த்தாலும் மார்க் போடுகிற கை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நாலு பேர் சேர்ந்தால் போதும், சின்ன மாப்பிள்ளை பதினாலு, பெரிய மாப்பிள்ளை பத்து என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிடுவார். அந்தப் பத்தைக் கேட்கும்போதெல்லாம் அமல்தாசுக்கு வயிறு எரியும். பொறாமைதான். இதில் பூசி மெழுக ஒன்றும் இல்லை.

“அப்பறம் சகல… வண்டி எப்படி ஓடுது? … சும்மாத்தான் கேட்டேன்… ம்… எவ்ளோ? … பதினாலரையா? போன மாசம் பதினாலுதான சொன்ன? … எங்க போயிட்டு வந்த? … காலி வண்டிதான? அதான பாத்தேன். காலி வண்டின்னா யாரு வேணா… என்னது, லோடோடவா? … எத்தன மூட்ட? … ம்… ம்… நல்லது. நல்லது சகல. ரொம்ப சந்தோசம்.”

சந்தோஷம் என்று சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

“எனக்கா? … எனக்கும் அதேதான் சகல. பதினாலுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல… யாரு சொன்னா? … மாமா சொல்லுவாரு. அவரு என்ன என் வண்டியில ஏறி உக்காந்து மீட்டர பாத்தாரா? … பத்துன்னாரா? அது… அது மழக்காலத்துல சகல. ரோடெல்லாம் சேறு. சேத்துல எந்த வண்டிதான் குடுக்கும்? … ஆமா… ஆமா, உனக்கும் அதே மழதான்… சரி விடு.”

மழைக்காலத்தின் மேல் பழியைப் போட்டானே தவிர, இந்த எட்டு மாதத்தில் அமல்தாஸ் செய்யாத வைத்தியம் இல்லை. மெக்கானிக் வீரமணியிடம் மூன்று தடவை வண்டியைக் கொண்டு போய் நிறுத்தினான். ஏர் பில்டரை மாற்றினான், டீசல் பில்டரை மாற்றினான். தினமும் காற்று பார்த்தான். சித்திரை வெயிலில் ஏசி போடாமல் ஓட்டி முதுகெல்லாம் வேர்க்குரு வாங்கினான். கனம் குறையட்டும் என்று ஒரு வாரம் ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போனான். அந்த வாரம்தான் கீழப்பழுவூரில் பஞ்சர் ஆனது. ஸ்டெப்னி வரதராஜன்பேட்டையில் கட்டிலுக்கு அடியில் சுகமாகப் படுத்திருந்தது. இவ்வளவுக்கும் பிறகு பத்து பத்தாகவே இருந்தது. கடைசியில் அவனுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் மிச்சம்.

“சகல, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டியே? … இல்ல, அன்னைக்கு ஷோரூம்ல… உனக்குத்தான் மொதல்ல சாவி குடுத்தாங்க. அதுல உனக்கு மட்டும் தனியா ஏதாச்சும் செட்டிங் வச்சுக் குடுத்தாங்களா? … சிரிக்காத. … சிரிக்காதன்னு சொல்றேன்ல. மனுசன் வயித்தெரிச்சல்ல கேக்கறான்… இல்ல, வயித்தெரிச்சல் இல்ல, சும்மா ஒரு இதுல கேக்கறேன்… சத்தியமா இல்லயா? … மாதா மேல? … சரி, சரி, நம்பறேன்.”

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. ஒதுங்கி நிறுத்தச் சொல்கிறான் போலிருக்கிறது. அமல்தாஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

“அண்ணே, பக்கத்துல எவ்ளோ எடம் கெடக்கு, ஒடிச்சுப் போங்கண்ணே! … உன்ன சொல்லல சகல, இங்க ஒரு லாரிக்காரரு. … சொல்லு. மாமா என்ன சொன்னாரு? … எப்ப வந்தாரு உங்க வூட்டுக்கு? … நேத்தா? … எங்க வூட்டுக்கு வந்தே மூணு வாரம் ஆவுது. … ம். … ம். … ஓகோ. அய்யம்பெருமாள் அண்ணன் லோடு உனக்குத்தான் கெடைக்கும்னாரா? சரியாப் போச்சு. வாத்தியாரு பரீட்சைக்கு முன்னாடியே ரிசல்ட்டு போட்டுட்டாரா?”

அமல்தாஸ் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது இந்த லோடு விஷயத்துக்குத்தான்.

அய்யம்பெருமாள் பெரம்பலூரில் சின்ன வெங்காய வியாபாரி. குடோனிலிருந்து தினமும் அரியலூருக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் லோடு போகிறது. வருஷம் முழுக்க ஓட ஒரு பிக்கப் வேண்டும், டீசல் அவர் பொறுப்பு. சகலைகள் இருவரும் போய்க் கேட்டார்கள். ஒருத்தனைக் கூப்பிட்டு இன்னொருத்தனை விட்டால் சொந்தத்துக்குள் சண்டை மூட்டிய பழி வரும் என்று யோசித்து அவர் ஒரு போட்டி சொன்னார். இரண்டு வண்டிக்கும் டேங்க் கழுத்து வரை டீசல் போடுவது, ஆளுக்கு முப்பது மூட்டை ஏற்றி ஜெயங்கொண்டம் போய்த் திரும்புவது, மறுபடி கழுத்து வரை போடுவது. எந்த வண்டிக்குக் குறைவாகப் பிடிக்கிறதோ அந்த வண்டிக்கு வேலை. நாள் மட்டும் பிறகு சொல்வதாகச் சொல்லியிருந்தார். இன்றைக்குக் காலை ஏழு மணிக்கு அமல்தாசைக் கூப்பிட்டு, நாளைக்கே வைத்துக்கொள்ளலாம், அஞ்சரை மணிக்கு நாலு ரோடு பெட்ரோல் பங்க்குக்கு வந்துவிடு, உன் சகலைக்கும் நீயே சொல்லிவிடு என்றார்.

அந்த வேலை கிடைத்தால் நாள் முழுக்க அரியலூர் வண்டி ஸ்டாண்டில் நின்று, வருகிறவன் போகிறவன் முகத்தையெல்லாம் பார்த்துக் கொண்டிருக்க வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால், அதே ஸ்டாண்டில் நின்று ஆல்பர்ட் வெங்காயம் ஏற்றிக்கொண்டு போவதைத் தினமும் பார்க்க வேண்டும். அப்புறம் பத்து பெரிதா பதினாலு பெரிதா என்று மாமனாரிடம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

“அதான்… அதச் சொல்லத்தான் கூப்ட்டேன் சகல. அய்யம்பெருமாள் அண்ணன் காலையில பேசுனாரு… ஆமா, எங்கிட்டத்தான். உங்கிட்ட சொல்லச் சொன்னாரு… இந்த வாரம் இல்லயாம். அவரு சொந்தத்துல ஏதோ கல்யாணமாம், சேலம் போறாராம். அடுத்த வியாழக்கெழம வச்சுக்கலாம்னாரு. … ஹலோ? … சகல? … ஹலோ?”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஷாலினி பாத்திரம் கழுவுகிற ஓசை மட்டும் எங்கோ தூரத்தில் கேட்டது.

“ஆங்… கேக்குது, கேக்குது. … சரிங்கறியா? … ஆமா, அடுத்த வியாழன். அதனால… நாளைக்கு வேற ஏதாச்சும் லோடு வந்தா நீ ஒத்துக்க. என்ன?”

சொல்லிவிட்டான். இவ்வளவு சுலபமாக வரும் என்று அவனே நினைக்கவில்லை. சின்ன வயசிலிருந்து வாய் திக்காமல் ஒரு பொய் சொன்னதில்லை, இன்றைக்கு வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. நாளைக்கு ஆல்பர்ட் வராவிட்டால் அய்யம்பெருமாள் காத்திருக்க மாட்டார். வந்தவன் வண்டியில் முப்பது மூட்டையை ஏற்றி அனுப்பிவிடுவார். சீக்கிரம் போனை வைத்துவிட வேண்டும்.

“சரி சகல, அப்ப வக்கிறேன். லோடு ஒண்ணு… என்ன? … என்ன வெளக்கு? … மீட்டர்லயா? … பச்ச கலர்ல… எல மாதிரியா? ஏன் சகல, வெளாடறியா? வண்டியில ஏது எல? … சரி இரு, சாவியப் போடறேன்.”

சாவியைத் திருப்பினான். மீட்டரில் வழக்கமான கூட்டம் எரிந்தது.

“செவப்பு ரெண்டு எரியுது… மஞ்சள் ஒண்ணு… பெல்ட்டு போடுன்னு ஒண்ணு கத்துது… பச்ச இல்ல. … ஸ்டார்ட் பண்ணிப் பாக்கவா? … பண்ணிட்டேன். … இல்ல சகல, எலயும் இல்ல, கெளையும் இல்ல. எட்டு மாசமா ஓட்டறேன், என் வண்டியில என்ன எரியும்னு எனக்குத் தெரியாதா?”

ஆல்பர்ட் ஏதோ நீளமாகச் சொல்ல ஆரம்பித்தான். அமல்தாஸ் முதலில் உம் கொட்டிக்கொண்டு இருந்தான். பிறகு எஞ்சின் சத்தம் இடைஞ்சலாக இருக்கிறதென்று ஜன்னலை ஏற்றி, போனை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டான்.

“எந்த சுவிட்ச்? … எகோவா? அப்டின்னா? … ம்… ம்… அமுக்குனா எகோ, பச்ச எல எரியும், டீசல் மிச்சம். அமுக்காட்டி பவரு… இரு, இரு, ஒண்ணொண்ணா சொல்லு. பவர்ல போனா என்ன ஆவும்? … லேசா மிதிச்சாலே பாயுமா? … அட, பாயும் சகல! என் வண்டி கால வச்சாலே பாயும்! நான் அத எஞ்சின் நல்ல எஞ்சின்னுல்ல நெனச்சுக்கிட்டு இருக்கேன்! … ம்… ஒவ்வொரு மிதிக்கும் டீசல அள்ளி ஊத்திக்கும்… காலியா திரும்பி வர்றப்பகூட முழு லோடுக்கு இழுக்கற மாதிரியே… ம்… ம்…”

ஆலத்தியூர் ரோட்டில் ஆல்பர்ட்டின் வண்டியை எத்தனை தடவை முந்தியிருப்பான்! முந்திவிட்டுக் கண்ணாடியில் பின்னால் பார்த்து மீசையைத் தடவிக்கொள்வான். மைலேஜில் தோற்றாலும் இழுவையில் நம்மை மிஞ்ச முடியாது என்று வீட்டுக்கு வந்து ஆனி ரோசிடம் சொல்வான். அந்தப் பெருமையையெல்லாம் டீசல் ஊற்றித்தான் வளர்த்திருக்கிறான்.

“அப்ப எப்பவுமே எகோவுலயே போட்டுட்டா? … கூடாதா? ஏன்? … ம்… ஓவர் லோடு ஏத்திக்கிட்டு மேடு ஏறுனா எகோவுல இழுக்காது… ஆமா, இழுக்கலன்னு இன்னும் போட்டு மிதிப்போம்… அப்ப பவர விட அதிகமா குடிக்குமா? அடப்பாவி. … சரி. மேட்டுல பவரு, சம ரோட்டுல எகோ. … கியரு? … சத்தம் ஏறுறதுக்கு முன்னாடியே மேல போட்டுரணும்… அறுபதுக்கு மேல போறதே இல்லயா? சகல, நீ வண்டி ஓட்டறியா இல்ல தொட்டில் ஆட்டறியா?”

கிண்டல் செய்தானே தவிர, ஒவ்வொன்றையும் மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் இருந்தான். அதோடு இன்னொரு எரிச்சலும் கிளம்பியது.

“ஆமா, இதெல்லாம் உனக்கு மட்டும் யாரு சொல்லிக் குடுத்தா? … சுகன்யாவா? எந்த சுகன்யா? … ஷோரூம்ல இருந்த பொண்ணா? பாத்தியா, பாத்தியா! உனக்கு மட்டும் சொல்லியிருக்கு! … எனக்கும் கூப்ட்டுச்சா? … நான் எங்க போயிட்டேன்? … ம். … ம். … மாலையா? … ஆமா. … ஞாபகம் இருக்கு.”

ஞாபகம் இருந்தது. வண்டி எடுத்த அன்றைக்கு ஷோரூமில் இரண்டு வண்டிக்கும் மாலை போட்டிருந்தார்கள். ஆல்பர்ட் வண்டி மாலையில் நடுவில் ஒரு பெரிய ரோஜா இருந்தது, அமல்தாசின் மாலையில் இல்லை. சுகன்யா இரண்டு பேரையும் கூப்பிட்டு சுவிட்சுகளைக் காட்டிக்கொண்டிருந்தபோது, அமல்தாஸ் மேனேஜர் முன்னால் நின்று ரோஜாவுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் ரோஜாவை வாங்கிக் கட்டிவிட்டுத்தான் சாவியைத் தொட்டான். அது சாயங்காலத்துக்குள் வாடிப்போய்விட்டது.

“சரி, அத விடு. சுவிட்ச் எங்க இருக்கு, அதச் சொல்லு. … ஸ்டியரிங்குக்கு வலது பக்கம்… முட்டிக்கு மேல… லைட்ட ஏத்தி எறக்கற சக்கரம், ஆமா, இருக்கு. அதுக்குப் பக்கத்துல… இல்லயே. … இல்ல சகல, இங்க சுவிட்ச்சே இல்ல. மாதாதான் இருக்கு. … மாதா சகல. அடைக்கல மாதா. மாமா ஒட்டுனாருல்ல, வண்டி மந்திரிச்ச அன்னைக்கு… இரு. … இரு, இரு. அடியில ஏதோ மேடா இருக்கு. … சகல! மாதாவுக்கு அடியில இருக்குடா!”

சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்து முடித்ததும், மாமனார் ஜிப்பா பையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்குக் கெட்டியான மாதா ஸ்டிக்கரை எடுத்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நாலு மூலையும் எழும்பாதபடி கைக்குட்டையால் நீவி நீவி ஒட்டினார். எதையும் பாதியில் விடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. அன்றிலிருந்து அமல்தாஸ் தினமும் காலையில் அந்தப் படத்தை விரலால் தொட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டுதான் வண்டியை எடுக்கிறான். எட்டு மாதமாகத் தினமும் தொட்டிருக்கிறான். அமுக்கத்தான் இல்லை.

“உனக்கு மட்டும் எப்படி சகல வேற எடத்துல ஒட்டுனாரு? பாத்தியா, மாமா எப்பவும் உனக்குன்னா… என்ன? … உனக்கும் அங்கயேதான் ஒட்டுனாரா? … அப்ப சுவிட்ச்ச எப்படி… உரிச்சியா? … டேய், மாதாவ உரிச்சியாடா? … உரிச்சு எங்க வச்ச? … இடது பக்கம்… சரி, இருந்தாலும் உரிக்கறதுன்னா… மாமாவுக்குத் தெரியுமா? … தெரியாதா!”

ஒரு நிமிஷம் அமல்தாசின் முகம் மலர்ந்தது. சின்ன மாப்பிள்ளை மாதாவை நகத்தால் கிள்ளி எடுத்தான் என்று ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஒரு வார்த்தை போட்டால் போதும், பதினாலில் நாலு மார்க்காவது குறையும். போனில் இன்னொரு அழைப்பு வந்து கீச்சிட்டது. ஆனி ரோஸ். சகலையிடம் பேசியாகிவிட்டதா, அவர்கள் வண்டி மட்டும் எப்படி ஓடுகிறதாம் என்று கேட்கத்தான் கூப்பிடுகிறாள். அவன் எடுக்கவில்லை.

“இல்ல சகல, ஆனி ரோசு வர்றா, பரவால்ல… நீ சொல்லு. … தேங்காண்ணெயா? … சுத்தி தடவி ஊற வச்சு… ஓரத்துலேர்ந்து மெல்ல… கிழிஞ்சுட்டா? … அய்யய்யோ, எனக்கு ஆவாது சகல. கை நடுங்கும். பாதியில மூஞ்சி கிழிஞ்சுட்டா நான் எந்த மொகத்த வச்சுக்கிட்டு பூசைக்குப் போவேன்? … நீ எடுத்துத் தர்றியா? … நெசமாவா? … எப்ப? … சரி சரி, நாளைக்கு. அஞ்சு மணிக்கே வந்துட்டீன்னா அர மணி நேரம் இருக்கும்… ம், நாலு ரோட்டுல… எண்ணெ நீயே கொண்டாந்துரு, எனக்கு மறந்துடும்…”

அமல்தாஸ் தலையை ஆட்டிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான்.

“…நாளைக்கு நாலு ரோட்டுக்கு நீ எதுக்கு சகல வர்ற?”

பதிலைக் கேட்டதும் எஞ்சினை அணைத்தான்.

“அவரே பேசுனாரா? … உங்கிட்டயா? … எப்ப? … காலையில ஒம்போது மணிக்கு. … ம். … தார்ப்பாய் இருக்கான்னு கேக்க கூப்ட்டாரா. … ம். … அப்ப நாளைக்கு அஞ்சரைக்குன்னு அவரே சொல்லிட்டாரு. … ம்.”

காலை ஒன்பது மணிக்கே தெரியும். இப்போது மணி ரெண்டு. அடுத்த வியாழக்கிழமை, சேலம், கல்யாணம் என்று இவன் ஒவ்வொன்றாக அடுக்கியபோது அந்தப் பக்கம் சத்தமில்லாமல் போனதே, அப்போது ஆல்பர்ட் எல்லாம் தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறான். தெரிந்துகொண்டே, பச்சை விளக்கு எரிகிறதா என்று கேட்டிருக்கிறான்.

“அப்ப நான் வியாழக்கெழமன்னு சொன்னப்ப… ஏன் சகல ஒண்ணும் சொல்லல? … என்ன? … டவரா?”

அமல்தாஸ் போனைக் கொஞ்சம் காதிலிருந்து விலக்கி, மறுபடி வைத்துக்கொண்டான்.

“ஆமா… ஆமா, டவராத்தான் இருக்கும். … ஆமா சகல, காலையில அவரு பேசறப்ப வெட்டி வெட்டித்தான் கேட்டுச்சு. … கல்யாணத்த பத்தி வேற யாருக்கோ சொல்லிக்கிட்டு இருந்தாரு போல, நான் நமக்குன்னு… ஆமா. … தப்பா எடுத்துக்கலயே? … ம். … ம்.”

காலையில் அய்யம்பெருமாள் பேசியபோது அமல்தாஸ் வீட்டு வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தான். டவர் நாலு கோடும் முழுசாக நின்றது. பொய்யைச் சொன்னது இவன், அதற்கு வெள்ளையடித்துக் கொடுக்கிறவன் அவன். அதையும் இவன் கைநீட்டி வாங்கிக்கொண்டுவிட்டான்.

“சகல… ஒண்ணு கேக்கறேன். எகோ போட்டா என் வண்டியும் பதினாலு குடுக்குமா? … குடுக்கும்ங்கற. … அப்ப நாளைக்கு ரெண்டு வண்டியும் ஒண்ணாயிடும்ல? நீ தோத்தாலும் தோப்ப. … தெரியும்ங்கறியா? … தெரிஞ்சேதான் சொன்னியா? … ம். … யாரு நல்லா ஓட்டறாங்களோ அவங்களுக்கு. … சரி. … இல்ல, ஒண்ணும் இல்ல, தூசி. தொண்டையில தூசி. இங்க சிமெண்ட் தூசிதான் ஒனக்கே தெரியுமே.”

இதற்கு ஆல்பர்ட் நாலு வார்த்தை நாறத் திட்டியிருக்கலாம். பொய்க்காரப் பயலே, இனிமேல் என் வாசப்படி மிதிக்காதே என்று சொல்லியிருந்தால் இவனும் பதிலுக்கு நாலு சொல்லி, பகையாகிப் பத்து வருஷம் பேசாமல் இருந்து, மனசு ஆறியிருக்கும். பொறாமைப்பட்டவனுக்கு அதைவிட வசதி வேறு என்ன வேண்டும்? ஆல்பர்ட் அந்த வசதியையும் கொடுக்க மாட்டேன் என்கிறான்.

“என்ன? … ஷாலினி எனக்கும் சேத்து இட்லி கட்றாளா? … எதுக்கு சகல, அந்நேரத்துல அந்தப் பொண்ண எழுப்பிக்கிட்டு… சரி… சரி… மொளகாப்பொடியே போதும்… ம். … சரி, வையி.”

வை என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் அது வைக்கிற இடம் இல்லை என்று பட்டது. இப்போது வைத்துவிட்டால் இந்த டவர் கதை நாளைக்கு அஞ்சு மணிக்கும் நடுவில் நிற்கும், இட்லி தின்னும்போதும் நிற்கும், ஜெயித்தாலும் தோற்றாலும் நிற்கும்.

“சகல, இரு. வக்காத. … டவரெல்லாம் ஒண்ணும் இல்ல சகல. நல்லாத்தான் கேட்டுச்சு. நாளைக்கு அஞ்சரைக்குன்னுதான் சொன்னாரு. உங்கிட்ட சொல்லச் சொல்லித்தான் சொன்னாரு. நான்தான் மாத்திச் சொன்னேன். நீ வராம இருந்தா எனக்குக் கெடைக்கும்னு சொன்னேன். … எனக்கு உன் மேல பொறாம சகல. மைலேஜுக்காக மட்டும் இல்ல, நீ பொண்ணு பாக்க வந்த நாள்லேர்ந்து. மாமா உன்னப் பாத்து சிரிச்சா எனக்கு எரியும். உன் பேரச் சொன்னா எரியும். இப்ப டவருன்னு சொல்லி என்னத் தப்பிக்க விட்ட பாரு, அதுக்கும் எரியுது. என்னால அப்டி இருக்க முடியலயேன்னு எரியுது. … திட்டணும்னா திட்டு. … சகல? … கேக்குதா? … ஹலோ? … ஹலோ?”

போனை எடுத்துப் பார்த்தான். அழைப்பு முடிந்துபோயிருந்தது. எந்த வார்த்தையோடு துண்டானது என்று தெரியவில்லை. வையி என்றதுமே ஆல்பர்ட் வைத்திருக்கலாம், கடைசி வரை கேட்டுவிட்டும் வைத்திருக்கலாம்.

கேட்டிருந்தால் நாளைக்கு விடியற்காலையில் அவன் முகத்தில் எப்படி விழிப்பது? கேட்காமல் போயிருந்தால் இத்தனையையும் முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்ல வேண்டும். இன்னொரு தடவை சொல்கிற தைரியம் தனக்கு வராது என்று அமல்தாசுக்கு நன்றாகத் தெரியும். அதனால் ஆல்பர்ட் கேட்டிருக்க வேண்டும், ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டான்.